அமத்துவதும் அமுத்துவதும்

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதச் சொன்னது கம்ப்யூட்டர் கடை ஞானராஜ். மகள் கொண்டுவந்த கம்ப்யூட்டர் போட்டால் ஓட மாட்டேன் என்கிறது, ஓடினால் நிற்க மாட்டேன் என்கிறது என்று போய்ச் சொன்னேன். போடும்போது என்ன செய்கிறது, நிறுத்தும்போது என்ன செய்கிறது என்று கொஞ்ச நாள் எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். டாக்டரிடம் போனால் அவர்தானே நாடி பிடிக்க வேண்டும்? இவர் நோயாளியின் அப்பனை வீட்டுப்பாடம் எழுதச் சொல்கிறார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன். ரிட்டயர் ஆகும்வரை ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு எழுதிய கைதான். போட்ட நேரம், நிறுத்திய நேரம். அதற்கு மேல் எழுத அந்த மோட்டாரில் எதுவும் நடந்ததில்லை. மரியாதை தெரிந்த மோட்டார்.

போடும்போது: பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, நிற்கிறது. யாரும் கேட்காமலே மறுபடி சுற்றுகிறது, நிற்கிறது. திரை கன்னங்கரேல். மனசு வந்தால் ஓடுகிறது.

நிறுத்தும்போது: நிற்கிறேன் நிற்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அணைகிறது. அப்பாடா என்று எழுந்து வாசலுக்குப் போனால் உள்ளே தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலிலே நின்று பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி.

மகள் தங்கமாரி தலை ஆடிக்கு வந்திருக்கிறாள். போன ஆவணியில் திருப்பூரில் கட்டிக் கொடுத்தது. ஆடிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். சங்கரன்கோவிலில் ஆடி முன்னாடியே வந்துவிடும் என்று சொன்னேன். ஆடிக்கு வருகிற பெண் ஒரு பையோடு வரும். இவள் பெட்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வேலைதான் காரணம் என்றாள். இருக்கும்.

ஜூன் 4, புதன்

வேலை என்னவென்றால், எங்கோ வெளிநாட்டில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே ஆங்கிலத்தில் அடித்து அனுப்ப வேண்டும். கம்பெனி சென்னையில். இவள் வீட்டில் இருந்தே செய்யலாம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வேலை நேரத்தில் கம்ப்யூட்டர் நின்று போனால் அவர்கள் கணக்கில் இவள் எழுந்து போய்விட்டாள் என்று பதிவாகுமாம். ஏற்கனவே நிறைய அப்படிப் பதிவாகி, எச்சரிக்கை வந்திருக்கிறது. இனியும் ஆனால் வேலை போய்விடும்.

இன்று மத்தியானம் ஒரு தடவை நின்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். என் மனைவி கோமதி, மகள் முன்னாடி என்ன பேச்சு என்று என்னைத் திட்டினாள். கம்ப்யூட்டரை யாரும் திட்டவில்லை.

ஜூன் 5, வியாழன்

போட்டேன். ஓடவில்லை. திட்டினேன். ஓடியது. நாளை முதலிலேயே திட்டிவிடுவது.

ஜூன் 6, வெள்ளி

திட்டியும் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசரை உதைத்தேன். அது இரும்பு என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. கோமதி மஞ்சள் பற்றுப் போட்டாள். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பொட்டாக வைத்தாள். அப்புறம் ஓடியது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். இதற்கு என்ன விளக்கம் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

எழுதியதையும் பெட்டியையும் ஞானராஜிடம் கொண்டுபோனேன். தங்கமாரியும் வந்தாள். எழுதியதை அவர் படித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க திட்டுனதை எல்லாம் எழுதச் சொல்லல" என்றார்.

பெட்டியைக் கழற்றி எதையோ மாட்டிப் பார்த்தார். கரண்ட் கொடுக்கும் பாகம் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற டிஸ்க்கும் அடிபட்டிருக்கிறது என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் பட்டென்று போய், திரும்பத் திரும்ப அப்படிப் போனால்தான் இப்படி ஆகுமாம். திருப்பூரில் கரண்ட் அவ்வளவு போகுமா என்று கேட்டார்.

கரண்ட் போகும், ஆனால் வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, விளக்குக்கூட மினுங்காது என்றாள் தங்கமாரி.

அப்புறம் எப்படி என்று ஞானராஜ் கேட்டதற்கு அவள் கழற்றிய மூடியை எடுத்துத் துடைத்தாள். வீட்டுக்கு வந்து நானும் கேட்டேன். மாடியில் துணி காயப் போட்டிருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று ஏறிப் போனாள். துணி எல்லாம் கட்டிலில் மடித்தே கிடந்தது.

எனக்கு ஞானராஜ் மேல்தான் கோபம். ரிப்பேர் பார்க்கச் சொன்னால் போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்கிறார்.

ஜூன் 11, புதன்

கரண்ட் பாகம் மாற்றியாகிவிட்டது. டிஸ்க் வரவழைக்க நாளாகும், அதுவரை பழையதை வைத்து ஓட்டுங்கள் என்று கொடுத்தார். காலையில் கோமதியும் தங்கமாரியும் புதுக் கணக்குத் தொடங்க பேங்குக்குப் போனார்கள். மாப்பிள்ளையோடு சேர்ந்து இருக்கிற கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கோமதி ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன்.

அவர்கள் வருவதற்குள் கம்ப்யூட்டரை ஓட வைத்து மகளை அசத்தலாம் என்று போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் வந்து நின்றது. ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை வேல்ராஜ் பனியன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறார். தங்கமான பிள்ளை. போன் போட்டேன். எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன்.

"அது ஒண்ணுமில்லைங்க மாமா. மேல் வரிசையில எஃப் ஒன்னுன்னு இருக்கும் பாருங்க. அதை அமுத்துங்க" என்றார்.

எங்கள் ஊரில் அமத்து என்றால் அணை என்று அர்த்தம். விளக்கை அமத்து, அடுப்பை அமத்து, மோட்டாரை அமத்து. வாழ்நாள் முழுக்க நான் அமத்தியே சம்பளம் வாங்கியவன். எஃப் ஒன் என்பது ஏதோ பிழையின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, சுவரில் இருந்த சுவிட்சை அமத்தினேன்.

"அமத்தியாச்சு மாப்ள."

"இப்ப என்னங்க வருது?"

"ஒண்ணும் வரல. இருட்டா இருக்கு."

திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். அதே எழுத்து. அமுத்துங்க என்றார். அமத்தினேன். இருட்டு. இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அறிவிருக்கா உங்களுக்கு? அப்பனும் மகளும் ஒரே அச்சு. ஒரு பட்டன் அமுத்தத் தெரியாது, இதுல வேலையாம் வேலை. அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு அவளைக் கிளம்பி வரச் சொல்லுங்க."

வைத்துவிட்டார்.

ஆபீஸில் வேலைப் பளு போல. அவர் ஊரில் அமுத்து என்றால் அமுக்கு என்று அர்த்தமாம், பிற்பாடு கோமதி சொன்னாள். சம்பந்தியும் எங்கள் பக்கத்துக்காரர்தான், ஆனால் மாப்பிள்ளை பிறந்து வளர்ந்தது திருப்பூர். மரியாதையாகப் பேசுகிறவர் ஒரு நாள் கொஞ்சம் அப்படி இப்படிப் பேசினால் என்ன? எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அது வெயில்.

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது. பேங்கில் இருந்து வந்த தங்கமாரி, கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் நடந்ததைச் சிரிப்பாகச் சொன்னேன். குரலை எல்லாம் மாற்றி நடித்துக் காட்டினேன். கோமதி பாதி வரை சிரித்தாள். தங்கமாரி சிரிக்கவில்லை. சுவிட்சையும் என்னையும் பார்த்தாள்.

"நீங்களும் சுவிட்ச அமத்த ஆரம்பிச்சுட்டீங்களாப்பா?"

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு சுவிட்சுக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம் வந்தது. பெற்ற அப்பனிடம் கதவைச் சாத்துகிற பழக்கம் எங்கே கற்றாள் என்று கோமதியிடம் கத்தினேன். அவள் அரிசி களைந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

தமிழில் நான் எடுத்த மார்க் முப்பத்தி ஆறு. ஆனால் நேற்று முழுக்க ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'நீங்க' என்று சொல்லியிருந்தால் சரி. 'நீங்களும்' என்றாள். அந்த 'உம்' எதற்கு? எனக்கு முன்னால் யார்?

கோமதியிடம் கேட்டேன். முதலில் அடுப்பைப் பார்த்தாள். அப்புறம் அடுப்பை அமத்திவிட்டு உட்கார்ந்து சொன்னாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம்.

மாப்பிள்ளை ஆபீஸ் விட்டு வருகிற நேரத்தில் இவளுக்கு வேலை முடிந்திருக்காது. கொஞ்சம் பொறுங்கள் என்பாளாம். அவர் வாசலுக்குப் போய் மெயினை அமத்திவிடுவாராம். இன்வர்ட்டரையும் சேர்த்து. வீடே இருட்டாகும். அப்புறம் போட்டுவிட்டு, "இப்ப வேலை முடிஞ்சுதா? சோத்தைப் போடு" என்பாராம். சிரித்துக்கொண்டே. திட்டமாட்டார், அடிக்கமாட்டார். நாள் தவறாமல் இது மட்டும்.

"கை நீட்டினாரான்னு அவட்ட கேட்டேன். இல்லைன்னா. அதான் உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல" என்றாள் கோமதி. "சொன்னா, சுவிட்ச அமத்துனதுக்கா பொறந்த வீட்டுக்கு வந்தேன்னு கேப்பிய."

கேட்டிருப்பேன்.

ஜூன் 14, சனி

மாடித் தொட்டியைக் கழுவ இறங்கினேன். கழுவி ரொம்ப நாள் ஆகவில்லை. தொட்டிக்குள் நின்று கத்தினால் வெளியே கேட்காது என்று நினைத்தேன். தெரு முழுக்கக் கேட்டதாம். வேல்ராஜின் தாத்தா வரைக்கும் போயிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் கீழே நின்று, என்ன அண்ணாச்சி பாசியா என்று கேட்டார். ஆமாம், ரொம்ப நாள் பாசி என்றேன்.

அவர் என்று எழுத இனிமேல் கை வராது.

ஒரு மோட்டாரை எனக்குப் பிடிக்காது என்பதற்காக ஒரு நாளும் நான் அமத்தியதில்லை. நான் அமத்தினால் ஊருக்குத் தண்ணீர் நிற்கும். அது தெரிந்துதான் சுவிட்சில் கை வைப்பேன். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்திருக்கிறான். அவனிடம்தான் நான் போன் போட்டு அமத்தியாச்சு மாப்ள, அமத்தியாச்சு மாப்ள என்று பல்லைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் அவன் என்ன நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தானோ.

ஜூன் 17, செவ்வாய்

புது டிஸ்க் மாட்டியாகிவிட்டது. அந்தக் கறுப்புத் திரை எழுத்துக்குக் காரணம் உள்ளே இருந்த ஒரு பொத்தான் பேட்டரியாம், அதையும் மாற்றினார். இப்போது முதல் அமுக்கிலேயே ஓடுகிறது. ஆனால் நிறுத்தினால் திரும்ப ஓடுகிற கிறுக்கு மட்டும் போகவில்லை. போர்டிலேயே ஏதோ கெட்டிருக்கிறது, அதையும் மாற்றினால் புதுசு வாங்குவது போல ஆகும் என்றார் ஞானராஜ். அவரைத் திட்ட வாயெடுத்தேன். தங்கமாரி குறுக்கே வந்து, ஓடினால் போதும், நிற்க வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வழியில் ஆட்டோவில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தேன். டிரைவரிடம் மழை வருமா என்று கேட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அவன் போன் செய்தான். குரலில் சர்க்கரை. அன்னிக்கு ஏதோ டென்ஷனில் பேசிவிட்டேன் மாமா, மனசில் வைக்காதீர்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், கூட்டிப் போக. ஆடிக்குத் திரும்ப அனுப்புவானாம், முறைப்படி. நான் என்ன சொன்னேன்? வாங்க மாப்ள என்றேன். பழகின வாய். வைத்துவிட்டு அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டேன்.

தங்கமாரியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குக் கம்பெனி வைக்கிற பரீட்சையாம். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழக்கூடாது, அந்தப் பக்கம் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதில் தேறினால் நிரந்தரம். நடுவில் கம்ப்யூட்டர் நின்றால் முடிந்தது. நாளை மாற்றச் சொல்லிக் கேளேன் என்றேன். ஏற்கனவே ஒரு தடவை மாற்றிவிட்டார்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. மெயின்தான்.

பதினாறு நாளாகக் கேட்காததைக் கேட்டேன். "போறியாம்மா?"

அவள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேலை நிரந்தரமாயிட்டா இங்க இருப்பேம்பா. போயிட்டா போவேன். ரெண்டு பேருக்கும் பாரமா உக்காந்திருக்க மாட்டேன்."

பாரமாம். யார் சொன்னது பாரம் என்று கத்தினேன். நான் சொன்னேனா, உங்கம்மா சொன்னாளா, எவன் சொன்னான்? அவள் பயப்படவில்லை. "இந்தா, கத்துதீங்கள்லா" என்று சொல்லிச் சிரித்தாள். வந்ததில் இருந்து இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். கோபத்தில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது. மீதியைக் கவனமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது. நிறுத்தவும் இல்லை. கோமதி நாளைக்கு ஆட்டுக்கறி எடுக்கச் சொன்னாள். அவனுக்கா என்றேன். வாசல் ஏறி வருகிறவனுக்குச் சோறு போடாமல் அனுப்பினதாக நாளைக்கு நம் மேல் பேச்சு வரக்கூடாது என்றாள். எனக்கு உடன்பாடில்லை. போய் எடுத்து வந்தேன். எலும்பு கூடுதலாகப் போடச் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

தங்கமாரி காலையிலேயே குளித்து, சாப்பிடாமல், காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தட்டுகிற சத்தம் மட்டும், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி.

அவன் பதினொரு மணி வாக்கில் வந்தான். இனிப்பு, பழம், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தான். கும்பிட்டான். கோமதி காபி கொடுத்தாள். கறி அடுப்பில் கொதிக்கிற வாசனை கூடம் முழுக்க. எங்கே அவள் என்றான். பரீட்சை எழுதுகிறாள், மத்தியானம் வந்துவிடுவாள் என்றேன். காபியைக் குடித்தான். செல்போனைப் பார்த்தான். காலை ஆட்டினான். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவாள் என்றான். கொடுக்க முடியாது, எழுந்தால் வேலை போய்விடும் என்றேன்.

"போனாப் போகட்டுமுங்க மாமா. அவ சம்பாரிச்சா நாம சாப்பிடறோம்?"

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, சோம்பல் முறித்து, கூடத்துச் சுவரைச் சுற்றிப் பார்த்தான். சிரித்தான்.

"உங்க வீட்ல மெயின் எங்கீங்க மாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். சத்தியமாக விளையாட்டாகத்தான். அந்தக் கண்ணில் ஒரு கெடுதலும் இல்லை. வீட்டுக்கு வந்த இடத்தில் கொல்லை எந்தப் பக்கம் என்று கேட்கிற மாதிரி. அதைப் பார்த்ததும்தான், என் மகள் ஒவ்வொரு நாளும் எதன் எதிரே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

எடுத்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன். எவ்வளவோ பேச வேண்டும் என்று தொட்டிக்குள் நின்று ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன். கத்தினால் உள்ளே கேட்கும், அவள் கை தடுமாறும். அதனால் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் கோபத்தை மெதுவாகப் பேசியது இன்றைக்குத்தான்.

"திருப்பூர் பஸ் பன்னிரண்டுக்கு இருக்கு மாப்ள. அதுல கிளம்புங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டா என்றான்.

"நீங்க மட்டும்."

சிரிப்பு நின்றது. முதல் தடவையாக அவன் முகத்தை விளக்கு இல்லாமல் பார்த்தேன். ஒரு சுவிட்சுக்காகவா என்றான். ஊர் என்ன சொல்லும் என்றான். தன் அப்பா அம்மாவை அழைத்து வந்து பேசுவேன் என்றான். அவன் குரல் ஏறியது. நான் எழுந்து சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்தது. அழைத்து வாருங்கள், அவர்களிடமும் இதையே சொல்வேன் என்றேன்.

அவன் செருப்பைப் போட்டான். பழக்கத்தில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். பெரியவர்கள் விடை கொடுக்காமல் எவன்தான் படி இறங்குவான்? நானும் அறுபது வயது வரை யாருக்கும் கொடுக்காமல் இருந்ததில்லை. கடன் கேட்க வந்தவனுக்கும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். சும்மா போங்க என்று சொன்னால் சாவு வீட்டுப் பேச்சு என்று கோமதி காதைத் திருகுவாள்.

"போங்க" என்றேன்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. கோமதி திருத்தவில்லை. அவன் இன்னும் ஒரு நொடி காத்திருந்தான், மிச்ச வார்த்தை வரும் என்று. அப்புறம் போனான்.

தங்கமாரி ஒன்றரைக்கு வெளியே வந்தாள். காதோரம் மாட்டியிருந்ததன் தடம் சிவப்பாக இருந்தது. கடைசி வரைக்கும் அனுப்பிவிட்டேன், எங்கேயும் நிற்கவில்லை, எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள் என்றாள். அப்புறம் காபி தம்ளரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"அவரு?"

"போயிட்டாரு" என்றாள் கோமதி.

மூன்று பேரும் உட்கார்ந்து கறி சாப்பிட்டோம். எலும்பு கூடுதல் என்று குறைப்பட்டார்கள். இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன்.